பிரசவ அறைக்கு ஒரு குழாய்

3-3-1958, திங்கள்
இன்று முழுக்க ஆபீஸில், சிங்கப்பூர்க் கம்பத்து (கிராமத்து)ப் பிரசவ விடுதிகளின் தண்ணீர், கழிவறை, சோப்புச் செலவை மதிப்பிடும் வேலை. தேவை அதிகமுள்ள விடுதிக்கே இந்த வருஷம் பிரசவ அறைக்குள் குழாய் போட்டுக் கொடுப்பார்களாம். நாங்கள் குடியிருக்கும் தோ பாயோ கம்பத்து விடுதியின் தண்ணீர் பில்லை நம்பவே முடியவில்லை, அவ்வளவு குறைவு. மருத்துவச்சி பூவம்மா கெட்டிக்காரிதான்! 'தேவை சொற்பம்' என்று எழுதி, தலைமைக் குமாஸ்தா குலசிங்கம் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன்.

9-3, ஞாயிறு
என் மனைவி கமலாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். பூவம்மாவைப் பார்க்கப் போனோம். "வலி வந்ததும் ரெண்டு மண்ணெண்ணெய் டின்ல தண்ணி கொண்டாந்துடுங்க" என்றார்.
எதற்கு?
"கிணத்துலேருந்து எல்லாரும் கொண்டார்றதுதானே லா. வாசல்ல இருக்கிற வெளிக்குழாயைத் திறந்தா பில்லு ஏறும். ஏறினா உங்க ஆபீஸ்ல என்னைத்தானே திட்டுவாங்க?"
அட கடவுளே! கிணற்றுத் தண்ணீரில் பிரசவம் நடக்கிறது. நான் பில்லைப் பார்த்துத் தேவையை அளந்திருக்கிறேன். முட்டாள், முட்டாள்.

10-3
மாற்றி எழுதுகிறேன் என்றேன். ஐயா நிமிரவேயில்லை. "நீர் எழுதினதுதானே? உம்மட மனுசிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது எண்டு மதிப்பீட்டை மாத்தேலாது."
எரிச்சலாக வந்தது. ஆனாலும், கமலா அங்கே போகாவிட்டால் எனக்கு இது தெரிந்திருக்குமா? அடுத்த பில் வேறு மாதிரி வந்தால் பார்க்கலாம் என்றார்.

11-3
இனி யாரும் டின் கொண்டுவர வேண்டாம், வெளிக்குழாயைத் திறங்கள் என்று பூவம்மாவிடம் கெஞ்சினேன்.
"பில்லு?"
"ஏறட்டும்க்கா."
"சொல்லிட்டுப் போயிடுவீங்க. வேலை போனா என் வீட்டு அடுப்பு எரியுமா?"
நான் சொல்லித்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இனி போனால் என் வேலை.

6-4, ஞாயிறு
பெண் குழந்தை. இருவரும் சுகம்.
வாளியோடு நான்தான் நடந்தேன். கை கழுவ, துணி அலச, தரை கழுவ, மறுபடி கை கழுவ. ஒவ்வொரு முறையும் பூவம்மா "இன்னும்" என்றார். உள்ளே கமலா கத்துகிறாள், நான் வாளி நிறையட்டும் என்று குழாயடியில் நிற்கிறேன். பயந்தே செத்தேன்.

22-4
பில் வந்தது. நாலு மடங்கு.
ஐயா வெகுநேரம் பார்த்தார். "டின் கதை மெய்தான் போல." பழைய மதிப்பீட்டைக் கிழித்தார். "புதுசா எழுதும்."
"என் பிள்ளை பிறந்தாச்சு ஐயா."
"அதாலதான் சொல்லுறன்."

17-6
குழாய்க்கு அனுமதி.

13-9, சனி
குழந்தைக்கு ஊசி போடப் போனோம். பிரசவ அறைச் சுவரில் புதுக் குழாய். "அடுத்த பிள்ளைக்கு நீங்க வாளி தூக்க வேணாம்" என்றாள் கமலா. அக்கம்பக்கம் ஆள் இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா!
கம்பத்து ரவூப், தோளில் தண்ணீர் டின்னோடு மூச்சிரைக்க வந்தார். மனைவிக்கு வலி. "அதை அங்கயே வைங்க" என்று சொல்லிவிட்டுப் பூவம்மா குழாயை முழுசாகத் திறந்தார். நிதானமாகக் கை கழுவினார். சோப்பைப் போட்டு மறுபடியும் கழுவினார்.
என் பக்கம் திரும்பி, "ஏறட்டும்" என்றார்.