அடைக்கூடையில் ஒரு கௌதாரி முட்டை

சித்திரை 10, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே கிணற்றடிக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. கடைக்காரர் "சண்டை முடியட்டுமுங்க" என்கிறார், ஏதோ இவர்தான் ஜெர்மனிக்காரனோடு மல்லுக்கு நிற்கிற மாதிரி.

செய்ய வேண்டியது: புளிக்குக் கொட்டை எடுக்க. முத்து சட்டைக்குப் பொத்தான். அடையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்குத் தண்ணீர்.

பிள்ளைகளுக்கு லீவு. சேலத்து மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார் அவர். இன்றைக்கு, "பாலம் வேலை கெடக்குது, பெரிய எஞ்சினீயரு வாராரு, நீயே கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துரு" என்றார். ரோடு ஓவர்சியருக்கு வாழ்க்கைப்பட்டால் பாலம்தான் மூத்தாள் போலிருக்கிறது. சே, இதை எழுதியிருக்கக் கூடாது. மூத்தாள் என்று ஒருத்தி இந்த வீட்டில் நிஜமாகவே இருந்தாள்.

அவள் போய் இரண்டு வருஷம். நான் புதுச்சத்திரம் வந்தது தையில். முத்துவுக்குப் பத்து வயசு. முதல் வாரமே "சின்னம்மா, சோறு" என்று வந்து நின்றுவிட்டான். வயிறு நல்ல தரகன். பொன்னிக்கு ஆறு. கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆமாங்க. இல்லீங்க. அவ்வளவுதான். (இந்த ஊரில் நாய்க்குக்கூட 'ங்க' போடுவார்கள். எங்கள் ஆத்தூர்ப் பக்கம் இப்படி இல்லை.) தலையைத் தொட மட்டும் விடமாட்டாள். தினமும் காலையில் சீப்பையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு ராமாயி அக்காவிடம் போய்ப் பின்னிக்கொண்டு வருகிறாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ரா. அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாளைக்கு மூன்று பேரும் சேலம். கட்டுச்சோறு: புளிச்சோறு, துவையல்.

சித்திரை 11, புதன்

போய் வந்தாச்சு. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

கரி பஸ். பின்னால் அடுப்புப் பீப்பாய், அதற்குக் காற்றடிக்க ஒரு ஆள். மல்லூர் மேட்டில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். முத்துவுக்கு அதிலேயே பிறவிப்பயன் கிடைத்துவிட்டது. கண்டக்டர் மதராஸ் பார்த்தவராம். "செத்த காலேஜுக்குங்களா? போங்க, போங்க. உசுர் காலேஜ் பாக்கோணும்னா மதராசுக்குத்தான் போகோணும்." (மியூசியத்துக்கும் மிருகக்காட்சிச் சாலைக்கும் மதராஸில் அப்படித்தான் பேராம்.)

மியூசியம் ஒன்றும் பெரிசில்லை. பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் இரண்டு அறை. காட்டிலாகாவில் இருந்த யாரோ வெள்ளைக்காரர் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. பார்த்தவை:

புலி. வயிற்றுத் தையலில் வைக்கோல் எட்டிப் பார்க்கிறது. ஒரு கண் மஞ்சள், ஒரு கண் பச்சை.

சீசாக்களில் பாம்பு, வெளுத்துப்போய். முத்து: "ஊறுகாய் போட்டிருக்குறாங்க."

அழுங்கு, உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். முத்து: "பலாப்பழத்துக்குக் காலு மொளச்சிருக்குது."

யானையின் கடைவாய்ப்பல். அம்மிக்கல் தேவலை.

வண்ணத்துப்பூச்சிகள், குண்டூசியில். பொன்னி இந்தப் பக்கமே வரவில்லை.

நம் ஊர் வெள்ளைக்கல் ஒரு தட்டு நிறைய. இதை ரோட்டிலேயே பார்க்கலாமே!

காவலுக்கு மாரப்பன் என்று ஒருவர். வயசானவர், மேலெல்லாம் பாச்சை உருண்டை வாசனை. கூடவே வந்தார். "தொடாதீங்க சாமி. அடுத்த வாரம் சாரு வந்து ஒவ்வொண்ணா எண்ணுவாருங்க. ஒண்ணு கொறஞ்சாலும் என்ற தலைதான் உருளுமுங்க."

மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. காய்ந்த புல், அதில் பொட்டைக் கௌதாரி ஒன்று, நின்ற நிலையில். காலடியில் ஏழெட்டு முட்டை. பொன்னி அங்கேயே நின்றுவிட்டாள். இன்று அவளாக வாய் திறந்தது அப்போதுதான். என்னிடம் அல்ல, மாரப்பனிடம்.

"ஏனுங்க, இது ஏன் முட்டைமேல உக்காரலீங்க?"

"அது செத்துப்போச்சு சாமி."

"அப்ப முட்டைய ஆருங்க பாத்துக்குவாங்க?"

மாரப்பன் என்னைப் பார்த்தார். "அந்த முட்டைக்கு யாரும் வேண்டாம் கண்ணு, வா, புலியைப் பார்க்கலாம்" என்றேன். என்ன பதில் இது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மாரப்பன் பெட்டியின் பின்கதவைத் திறந்து பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து முத்து புலி வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுவிட்டான். அவர் ஓட, நான் ஓட, ஒரே ரகளை. ஒரு புலிப்பல் ஆடுகிறது. முன்பே ஆடிக்கொண்டிருந்ததாம். பெரிய மனுஷர், அப்படிச் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பொன்னி வலது கையைப் பாவாடை மடிப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். "வயிறு வலிக்குதா?" "இல்லீங்க." பொரிகடலை வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் தின்றாள்.

சித்திரை 12, வியாழன்

கோழியைத் தீனிக்குத் தூக்கி விட்டுக் கூடைக்குள் பார்த்தால், நம் முட்டைகளுக்கு நடுவில் ஒரு சின்ன முட்டை. சந்தன நிறம். கையில் எடுத்தால் கனமே இல்லை, வெங்காயச் சருகு மாதிரி. பக்கத்தில் ஒரு பொடி ஓட்டை. உள்ளே இருந்ததையெல்லாம் எப்போதோ உறிஞ்சி எடுத்துவிட்ட வெறும் ஓடு.

கௌதாரி முட்டை.

கோபம்தான் முதலில் வந்தது. பொய் சொல்வானேன். அந்த மனுஷர் தலை உருளும் என்றாரே! அடுத்தது பயம். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால்? சர்க்கார் பென்சிலில் பிள்ளைகள் ஒரு கோடு போட்டாலே விளாசுகிறவர். ரா. அக்காவுக்குத் தெரிந்தால்? "ரெண்டாந்தாரத்துக் கையில வளந்தா இப்பிடித்தான்" என்று நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு அப்புறம்தான் தண்ணீர் குடிப்பாள்.

முட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

மத்தியானம் பொன்னி கூடை அருகில் குந்தியிருந்தாள். கோழி அவளைக் கொத்துவதில்லை. என்னை மட்டும் கொத்துகிறது.

பொரிக்கும் என்று நினைத்துக் காத்திருக்கிறது பிள்ளை. அதை எப்படிச் சொல்வது?

சித்திரை 13, வெள்ளி

எண்ணெய் தேய்க்கும் நாள். பொன்னி கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு ரா. அக்கா வீட்டுக்குப் போனாள். நம் வீட்டு எண்ணெய்.

ரா. அக்கா சீயக்காய்க் கையோடு வந்து கூடையைப் பார்த்துவிட்டு, "மொளகா போட்டிருக்குற, கரி போட்டிருக்குற, இரும்பு எங்க? இடி இடிச்சா அத்தனையும் கூமுட்டையாயிரும். உங்க ஆத்தூர்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்றாள். நல்லவேளை, குனிந்து பார்க்கவில்லை. அரிவாள்மணைக்கு மேல் இந்த வீட்டில் இரும்பு ஏது? தேட வேண்டும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

இன்றும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம்.

சித்திரை 15, ஞாயிறு

கோடைமழை. பகல் மூன்று மணிக்கு வானம் கரிச்சட்டி. அவர் பாலத்தில். முத்து ஏரிப் பக்கம் எங்கேயோ.

முதல் இடி இடித்ததும் பொன்னியைக் காணோம். பின்பக்கம் ஓடினேன். கூடை வைத்திருக்கும் சாய்ப்பு ஒழுகுகிறது. பிள்ளை கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலைமேல் ஒரு சாக்கு, தொப்பலாக நனைந்து. கூடைக்குள் இரும்பாக எதுவோ பளபளத்தது. பார்த்தால் அவருடைய தூக்குக்குண்டு! சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பாரே, அது.

"உள்ளே வா, நனையாதே."

"இடி விழுந்தா கெட்டுப்போயிருமுங்க. நான் வல்லீங்க."

இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். சாக்குக்குள் நானும் புகுந்துகொண்டேன். கோழி கொத்தியது. கொத்தட்டும்.

இனித் தள்ளிப்போட முடியாது. "பொன்னி, அந்தச் சின்ன முட்டை பொரிக்காது கண்ணு. அதுக்குள்ளே ஒண்ணுமே இல்லை."

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"ஓட்டை இருக்குதுங்க. ஊதிப் பாத்தனுங்க."

"அப்புறம் எதுக்கு இதிலே வெச்சே?"

இன்னொரு இடி. அது அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அந்தக் கௌதாரி பக்கத்துல நின்னுக்கிட்டே இருக்குதுங்க. மேல உக்காரவே இல்லீங்க. முட்டைக்குக் குளுருமில்லீங்க? கொஞ்ச நாளைக்குச் சூட்டுல இருக்கட்டும்னுதானுங்க. அப்பறம் கொண்டு போய்க் குடுத்தரலாமுங்க."

அழுதுவிட்டேன். மழைத்தண்ணீர் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். இவளுக்கு எல்லாம் தெரிகிறது. பொரிக்கும் என்று காத்திருக்கிறாளாம்! நான்தான் மக்கு.

வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. செய்யவில்லை. சாக்கை அவள் பக்கம் கொஞ்சம் இழுத்து விட்டேன்.

புதன்கிழமை இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேச்சு. "அதுவரைக்கும் இருக்கட்டுங்களா?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

சித்திரை 16, திங்கள்

விடியும்போதே வீடு இரண்டு பட்டது. தூக்குக்குண்டைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்தார், பாயை உதறினார். "சர்க்கார் சாமான்! ஆருடா எடுத்தது?" முத்து இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். பாவம், இந்த ஒரு தடவை நிஜம்.

பொன்னி கதவுக்குப் பின்னால். முகத்தில் இரத்தமே இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "இடிக்கு இரும்பு வேணும்னாங்க. கோழிக்கூடையில போட்டிருக்கேன்."

"சர்க்கார் தூக்குக்குண்டைக் கோழிக்கா?"

"சர்க்கார்னா இடிக்கும் பயம் இருக்குமே."

கையிலிருந்த பாயை அப்படியே போட்டார். ஒரு வழியாகச் சிரித்துவிட்டார். "உன்ற வாயிக்குப் பாலமே கட்டலாம்" என்று சொல்லிக்கொண்டு கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். குண்டை நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன். முட்டை விஷயத்தைச் சொல்லவில்லை. அது அவளுக்கும் எனக்கும் உள்ளது.

சாப்பிடும்போது பொன்னி என் தட்டுப் பக்கம் உப்பை நகர்த்தி வைத்தாள்.

சித்திரை 18, புதன்

சேலம். அவரிடம் ரவிக்கைத் துணி வாங்க என்று சொல்லிக்கொண்டு. முத்துவை அவரோடு பாலத்துக்கு அனுப்பியாச்சு. இன்னொரு புலிப்பல்லுக்கு என்னிடம் தெம்பில்லை.

முட்டை, மூடி போட்ட சம்புடத்தில், பஞ்சுக்குள். வழியெல்லாம் அவள் மடியில். மேட்டில் பஸ் தள்ள எல்லோரும் இறங்கியபோதும் சம்புடத்தைக் கீழே வைக்கவில்லை.

மாரப்பன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பொன்னி சம்புடத்தை நீட்டி, "நான்தானுங்க எடுத்தேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

அவர் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துத்தான் சாரு எண்ணுனாருங்க. அவரு வாரதுக்கு முன்னால, காத்தாலதான் நான் பாத்தேன், ஒண்ணு கொறையுது. ஊட்டுக்கு ஓடி ஒரு கோழிமுட்டையக் கொண்டாந்து வெச்சிட்டனுங்க. எண்ணிக்கை சரியாப் போச்சு. சாரு மூக்குக்கண்ணாடி கொண்டாரலை, நான் பொழச்சேன்."

உள்ளே போய்ப் பார்த்தோம். கௌதாரியின் காலடியில் மற்ற முட்டைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கோழிமுட்டை, பண்ணையார் மாதிரி. நான் சிரித்த சிரிப்பில் பாம்பு சீசாவெல்லாம் அதிர்ந்திருக்கும். மாரப்பனும் சிரித்தார். "இந்த வெயிலுக்கு இன்னும் ரெண்டு நாளு உட்டிருந்தா நாறி மானம் போயிருக்குமுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், நியாயம் அவர் பக்கம் இருந்தும்.

பொன்னி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, இத முட்டைமேல உக்கார வெச்சுருங்க."

"அது முடியாது சாமி. காலுல கம்பி. நின்னது நின்னதுதான்."

பொன்னி விடுகிறதாக இல்லை. நகராமல் நின்றாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பின்கதவைத் திறந்து, காய்ந்த புல்லை அள்ளி அள்ளி மேடாகக் கட்டினார். பறவையை அசைக்கவில்லை, முட்டைகளைத்தான் மேலே தூக்கினார். ஒவ்வொன்றாக அதன் வயிற்றிறகு தொடுகிற வரைக்கும். கடைசி முட்டையைப் பொன்னி கையில் கொடுத்து வைக்கச் சொன்னார். வைத்தாள். வைத்துவிட்டு விரலால் இறகைக் கொஞ்சம் கீழே நீவி விட்டாள்.

வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தாள். புதுச்சத்திரம் வரை நான் அசையவில்லை. தோள் மரத்தே போய்விட்டது. ரவிக்கைத் துணி வாங்க மறந்தேன். அவர் கேட்டால், நல்ல நிறம் இல்லை.

சித்திரை 20, வெள்ளி

மேகம். புழுக்கம். இரவே பொரிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆறு குஞ்சு, இரண்டு கூமுட்டை, மிச்சம் இன்னும் ஓட்டுக்குள். இடியால்தான் என்று ரா. அக்கா. இரும்பைத் திருப்பி எடுத்ததால்தான் என்று முத்து. பருந்து பார்க்க ஆள் வேண்டும், கூடை கவிழ்க்க வேண்டும், நொய் இடிக்க வேண்டும். பொத்தான் இன்னும் தைக்கவில்லை.

நொய் புடைத்துக்கொண்டிருந்தேன். பொன்னி எண்ணெய்க் கிண்ணம், சீப்பு, நாடா எல்லாவற்றோடும் நடையைத் தாண்டிப் போனாள். போனவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். என் எதிரில் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ராமாயக்கா ஊட்டுல இல்லீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில் ராமாயி அக்கா, இடுப்பில் முறத்தோடு, எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்படியா" என்றேன்.

எண்ணெயைத் தொட்டேன்.