அப்பாவின் காகிதங்கள் போன பிறகு

கண்ணு,

பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா சேர்த்து வைத்த காகிதங்களை எல்லாம் நேற்று பல்கலைக்கழக நூலகத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சமூகவியல் பேராசிரியராக ஆயுசு முழுக்க அவர் ஆராய்ந்தது ஒன்றுதான்: நகரத்தில் ஜனங்கள் பெருகிக்கொண்டே போனால் எங்கே படுப்பார்கள்? அந்த ஆராய்ச்சியை அடுக்க உன் அறையை எடுத்துக்கொண்டார். நீ கூடத்து மூலையில் படித்தாய். அதெல்லாம் இப்போது எதற்கு?

இத்தனை வருஷத்தில் நேற்றுதான் அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். நூலகத்து அம்மாள் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினார்.

“வளர்ற பிள்ளைக்குத் தனியா ஒரு இடம் வேணும்னு சார் அடிச்சுச் சொல்லியிருக்கார்மா!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் பாவம், ஒன்றும் புரியாமல் முழித்தார்.

பெட்டிகள் நகர்ந்ததும் உன் அறை ஜன்னல் தெரிந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டித் திறந்தேன். எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டாள். புதிதாகக் குடிவந்தவள்.

“ஐயோ, அது திறக்குமா? சும்மா அழகுக்கு வச்சதுன்னு நினைச்சேன்! யாருக்கு அந்த ரூம்?”

“என் மகளுக்கு.”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் விட்டாளா?

“எப்ப வர்றாங்க?”

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

துணி உலர்த்த அவள் தினமும் வருவாள். என்ன சொல்லட்டும்?

உன் அம்மா