கிணற்றடி மூன்று வரிசை அவரை

நத்தம் ரோட்டுத் தோட்டம்,
திண்டுக்கல்.
3-10-63

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வள்ளி எழுதுவது. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். ஊர்க் கடிதம் என்றால் உங்கள் அறையில் இருக்கும் சூசைராஜ் அண்ணன் உங்கள் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள், அவரிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடுங்கள். இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் செவலைப் பசுவும் சுகம். பிலாய் இரும்பு உலைச் சூட்டில் உங்களுக்கு ஒன்றும் ஆகாமலிருக்கக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இதுவரை வந்த கடிதமெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இது நானாக எழுதுவது, அவருக்குத் தெரியாது. கூடை அடுக்கும் அறையில் அரிக்கேன் திரியை இறக்கி வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோபிக்காதீர்கள்.

நீங்கள் போன மாதம் எழுதிய கடிதத்தில், காய்கறி நம்மைக் காப்பாற்றாது, தோட்டத்தை ஐப்பசியிலேயே புகையிலைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுங்கள், அப்பாவுக்கு அவர் சரக்குக் கிட்டங்கியில் வேலை போட்டுத் தருவார் என்று ஐந்து வரி இருந்தது. அண்ணா, அந்த ஐந்து வரியையும் நான் அப்பாவுக்குப் படிக்கவில்லை. அதற்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டேன். அவர் கத்தரிக்காய் பறித்துக்கொண்டே கேட்டார். வேறெதுவும் எழுதலையா என்றார். இல்லை என்றேன். அதனால்தான் உங்களுக்கு வந்த பதிலில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. அப்பா உங்கள் பேச்சை மதிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள், அப்படி இல்லை.

ஏன் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இந்த வருஷம் அப்பா கடையில் விற்கும் உப்பு உரம் வாங்கவே இல்லை. இரண்டு வருஷம் அதைப் போட்டதில் முதல் வருஷம் காய் கூடை கூடையாக விழுந்ததும், அடுத்த வருஷம் மண் ஓடு மாதிரி இறுகிக் கத்தரியெல்லாம் சுருண்டதும் உங்களுக்குத் தெரியும். அதனால் ஆடியில் முனியப்பன் கீதாரியின் எண்ணூறு ஆட்டையும் வரவழைத்து ஒன்பது ராத்திரி எருவுக்காக நிலத்திலேயே அடைத்துக் கிடை போட்டார். சடையாண்டி சித்தப்பா வரப்பில் நின்று, "ஊரே உப்பு வாங்குது, எங்கண்ணன் மட்டும் ஆட்டுப் புழுக்கைக்குப் பந்தி போடுறாரு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அப்பா அதற்கும் சிரித்தார். விடியலில் ஆடுகள் எழுந்து போனதும் நிலம் முழுக்கக் கறுப்பாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முதல் மழைக்குப் பிறகு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினேன், உள்ளங்கையில் நாலு மண்புழு நெளிந்தது. போன வருஷம் கடப்பாறைக்கே அசையாத இடம் அது.

அந்த மண்ணில்தான் செடி அவரை போட்டோம். கிணற்றடியில் மட்டும் கிடை இரண்டு ராத்திரி அதிகமாக நின்றது, அங்கே செடி எல்லாவற்றையும்விடக் கொழுத்து நின்றது. பூ வைக்கும் நேரத்தில் அசுகுணி விழுந்தது. தண்டு தெரியாமல் கறுப்புப் பேனாக அப்பிக்கொண்டது. அப்பா காலைப் பனி ஈரத்திலேயே சாம்பல் தூவினார். பிறகு, பூச்சி வந்தால் அதைத் தின்கிறதும் பின்னாலேயே வரும், செடியில் எதையும் தொடாதே என்று எனக்குச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. பேனுக்கு நடுவே முள்ளு முள்ளாக, ஆறு காலோடு, முதுகில் மஞ்சள் புள்ளியோடு அசிங்கமான புழு ஒன்று ஊர்ந்தது. பேனோடு இது வேறா என்று கிணற்றடி மூன்று வரிசையிலும் ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சிரட்டையில் போட்டு அடுப்பில் கொட்டினேன். பள்ளிக்கூடத்தில் காட்ட இரண்டை மட்டும் பேன் பிடித்த இலையோடு தீப்பெட்டியில் வைத்தேன்.

எட்டே நாளில் அந்த மூன்று வரிசையும் கருகிவிட்டது. மற்ற வரிசையும் போகப்போகிறது என்றே நினைத்தோம். அப்பா கருகிய செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், மண்ணை மோந்து பார்த்தார். கிடை அதிகம் நின்ற இடத்தில்தான் போயிருக்கிறது, நான்தான் மண்ணுக்கு அதிகம் ஊட்டிப் பூச்சியைக் கூப்பிட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியல மாயம்மா. பெரியவன் சொல்றதுதான் சரியோ என்னமோ" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம்தான் உங்கள் கடிதம் வந்தது. அந்த ஐந்து வரியைப் படித்திருந்தால் அப்போதே சரி என்றிருப்பார்.

மறுநாள்தான் தீப்பெட்டி ஞாபகம் வந்து திறந்தேன். அண்ணா, எப்படிச் சொல்வது. இலையில் ஒரு பேன்கூட இல்லை. புழுவும் இல்லை. காய்ந்த தோல் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் சிவப்பாக, கறுப்புப் புள்ளி வைத்து, இரண்டு பொறிவண்டு. அப்பா கையில் வந்து உட்கார்ந்தால் ஊதிக்கூட விடமாட்டாரே, அதே பொறிவண்டு. அந்தப் புழுதான் பேனையெல்லாம் தின்று இப்படி ஆகியிருக்கிறது. ஒன்று என் விரல் நுனிவரை ஏறி, முதுகைப் பிளந்து, சிறகை விரித்துப் பறந்துபோனது. பிறகு ஓடிப்போய் நான் தொடாத வரிசைகளைப் பார்த்தேன். முந்தின வாரம் கறுத்துக் கிடந்த தண்டெல்லாம் பச்சையாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, பூவும் பிஞ்சும் கொத்துக்கொத்தாக. யாரும் கூப்பிடாமல் அவை எங்கிருந்து வந்தன, பேன் இருப்பது அவற்றுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சாமி வந்து போன இடம் மாதிரி அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மண் கெடுக்கவில்லை, அப்பா கெடுக்கவில்லை. நான்தான்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்ச வரிசை பிழைத்ததை அவர் அதிர்ஷ்டம் என்கிறார். இன்று சந்தையில் சித்தப்பா அப்பாவைப் பார்த்து, குத்தகை விஷயமாக நீங்கள் தனக்கும் தனியாக எழுதியிருப்பதாகவும் நாளை வெள்ளிக்கிழமை புகையிலைக்காரரை அழைத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார். ராத்திரி அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது, காலையில் அண்ணன் கடிதத்தை எடுத்து வா, மறுபடி முழுசாகப் படி என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். படிக்கிறேன், இந்தத் தடவை விடாமல் படிக்கிறேன். ஆனால் அவர் தன்மேல் பழி போட்டுக்கொண்டு தோட்டத்தைக் கொடுத்துவிடக் கூடாது. நாளை பேச்சு முடிந்தாலும் ஐப்பசி பிறந்துதான் பத்திரம் எழுதுவார்கள், அதற்குள் தை வரை பொறுக்கச் சொல்லி நீங்கள் ஒரு தந்தி அடித்தால் போதும், உங்கள் பேச்சைச் சித்தப்பாவும் தட்டமாட்டார். ஆசீர்வாதம் எழுத எனக்கு வயசில்லை, வேளைக்குச் சாப்பிடுங்கள், உலைப் பக்கம் ஈரத்துணி கட்டாமல் போகாதீர்கள். தந்தி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "வள்ளி, வெளக்கு எரியுது, என்னத்தா பண்ற" என்கிறார். குரலில் கோபம் இல்லை அண்ணா, அசதிதான் இருக்கிறது. தந்தி வருகிற வரைக்கும் அவர் இப்படியே இருக்கக் கூடாது. கதவைத் திறந்து முதலில் சொல்லிவிடப் போகிறேன், அந்தப் புழுவைப் பொறுக்கி எரித்தது நான்தான்