ஒன்பதாம் கேள்வி

சுங்கை பெசார்
4.3.1984

அன்புள்ள அத்தானுக்கு,

அமராவதி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் சுகமா என்று நாங்களாகவே ஊகித்துக்கொள்கிறோம். இரண்டு வரி எழுதிப் போட்டால் கை தேய்ந்தா போய்விடும்?

எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்து இங்கே வாடகைக்கு வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கடைக்காரர்கள் இன்னும் என்னைப் 'புதுசா வந்த அம்மா' என்றுதான் சொல்கிறார்கள். சீனத் தவுக்கே முதலாளியின் கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்கிறேன். மழை பெய்தால் வேலை கிடையாது. இந்த வருஷம் மழைக்கு எங்கள் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா ஒரு செய்தி சொன்னார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதா மாதம் உதவி கொடுக்கிறதாம். நல உதவி ஆபீசில் மனு கொடுக்க வேண்டும். போனேன். அங்கே கார்த்திகேசு என்று நம்மவர் ஒருவர் கிராணியாக இருக்கிறார். மனு நாலு பக்கம், எல்லாம் மலாய். அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டு எழுதினார்.

எத்தனை கேள்வி அத்தான்! எங்கே பிறந்தேன், எத்தனை வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன், வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, திலகம் எந்த வகுப்பு, சேதுவுக்கு அம்மை குத்தியாயிற்றா. இவ்வளவையும் தெரிந்துகொள்ள ஒருவருக்கு ஆசை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பதில் சொல்லச் சொல்ல, அடுத்து என்ன கேட்பாரோ என்று எனக்கே ஆவலாகிவிட்டது.

ஒன்பதாம் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். கணவர் உடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, பிரிந்துவிட்டாரா? மூன்று கட்டம், ஒன்றில் கோடு போட வேண்டும்.

"புருசன் எங்கம்மா?" என்றார் கிராணி.

"ஜொகூர்ல லோரி ஓட்டுறாரு லா."

"டுயிட் அனுப்புறாரா?"

"காசு அனுப்புவாரு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அனுப்புவாருன்னு இதுல ஒரு கட்டம் இல்லியேம்மா. வீட்டுக்காரரக் கேட்டுட்டு வாங்க."

ஆகவே கேட்கிறேன். எந்தக் கட்டத்தில் போட? அப்படியே இன்னும் சில. எங்கே தங்கியிருக்கிறீர்கள்? யார் சமைக்கிறார்கள்? புளி கூடினால் உங்களுக்கு வயிறு கேட்காதே, அதை அவர்களிடம் சொன்னீர்களா?

தங்கள் அன்பு மனைவி,
அமராவதி


ஜொகூர் பாரு
25.3.1984

அன்புள்ள அமராவதிக்கு,

கடிதம் கிடைத்தது. லோரி கியர்பாக்ஸ் போய்விட்டது. முதலாளி சம்பளத்தில் பிடிக்கிறான். அடுத்த மாதம் கட்டாயம் அனுப்புகிறேன்.

ஆபீஸ் வாசலில் போய்க் கை நீட்டுவது நமக்கு அழகில்லை. உடையப்பன் பெண்டாட்டி பிச்சைக்கு நிற்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்கள். இருந்தாலும் உன் இஷ்டம். கட்டத்தில் எதையாவது போடு. எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. இங்கேயும் மழைதான்.

இப்படிக்கு,
உடையப்பன்


சுங்கை பெசார்
29.4.1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஒன்பது வரிகூடத் தேறாது, அதனால் சிரமமில்லை. திலகத்தையும் சேதுவையும் பற்றி ஒரு கேள்வியாவது இருக்குமென்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

உறை மேல் முகவரியை எழுதியது யார்? உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து வராதே. வளைவெல்லாம் ஒரே அளவாக, அழகான கை. திலகம் அதைப் பார்த்து எழுதிப் பழகுகிறாள்.

கட்டத்தைக் காலியாகவே விட்டு மனுவைக் கொடுத்தேன். அதிகாரி வீட்டுக்கே வந்து பார்த்து முடிவு செய்வார் என்றார் கிராணி. போன வாரம் வந்தார். மலாய்க்கார அம்மா, நல்ல மாதிரி. அரிசி டின்னைத் திறந்து பார்த்தார், பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுகளைப் பார்த்தார். கிளம்பும்போது கொல்லைப்புறம் போனவர் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார். உங்கள் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போனதிலிருந்து வாரம் இரண்டு தடவை அந்தச் சட்டையை நனைத்துப் போடுகிறேன். உங்கள் பழைய செருப்பும் வாசலில்தான் கிடக்கிறது. லயத்தில் இருந்தபோது சின்னத்தாய் அக்கா, புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதமும் இப்படித்தான் செய்தார். வீட்டில் ஆம்பிளை இருக்கிறான் என்று போகிறவன் வருகிறவன் நினைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

இதை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "யாரும் போடாத சட்டையை ஏன் துவைக்கிறாய்?" சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

நேற்றுப் பதில் வந்துவிட்டது. கணவர் வீட்டில் இருப்பதாகத் தெரிவதால் உதவி இல்லையாம். ஊரிலிருக்கும் கெட்டவர்களை ஏமாற்றக் காயப்போட்ட சட்டை, நல்லது செய்ய வந்தவரை ஏமாற்றிவிட்டது.

கிராணி ஒரு வழி சொன்னார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எங்களுக்குப் பணம் அனுப்புகிறீர்களா என்று சத்தியக் கடிதம் ஒன்று எழுதி, அதற்கென்று இருக்கும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஜூன் முடிவதற்குள் வந்தால் மனுவைத் திரும்பப் பார்ப்பார்களாம். இல்லையென்றால் திலகத்தைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கொட்டகைக்குக் கூட்டிப்போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். மீன் வயிற்றைக் கீறும் கத்தியை அவள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை அத்தான்.

தங்கள் அன்பு மனைவி,
அமராவதி


சுங்கை பெசார்
27.5.1984

அத்தானுக்கு,

ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

பணம் கேட்கவில்லை. ஒரே ஒரு கடிதம், அதில் உள்ளது உள்ளபடி. இனிப்பாக எழுத வேண்டாம், எனக்காக எழுத வேண்டாம், ஆபீசுக்காக எழுதுங்கள். தவுக்கே திலகத்துக்கு எத்தனை வயது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அமராவதி


ஜொகூர் பாரு
12.6.1984

அன்புள்ள அமராவதிக்கு,

நீ கேட்ட கடிதம் இதோடு வருகிறது. சத்தியம் வாங்கும் அதிகாரி கேள்வி மேல் கேள்வி கேட்டு மலாயில் டைப் அடித்துக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அதில் இருப்பதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் பலமாகச் சொன்னால்தான் உதவி கிடைக்கும் என்று இங்கே சொன்னார்கள். எல்லாம் ஆபீசுக்காக எழுதியது.

பணம் கிடைத்ததும் எழுது. லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருகிறேன். திலகத்தை நிறுத்தாதே.

இப்படிக்கு,
உடையப்பன்


சுங்கை பெசார்
22.7.1984

உடையப்பன் அவர்களுக்கு,

உதவி கிடைத்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து தருகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குத் தனி மனு இருக்கிறதாம், அதையும் கொடுத்திருக்கிறேன். திலகம் பள்ளிக்குப் போகிறாள்.

உங்கள் கடிதத்தை உறையோடு ஆபீசுக்கு எடுத்துப் போனேன். கார்த்திகேசு முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "படிச்சுட்டீங்களாம்மா?" என்றார். "மலாய் பேசுவேன், படிக்க வராது. நீங்களே படிங்க லா" என்றேன். அவர் எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்புறம்தான் படித்தார்.

அங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துவதாக இருந்தது. எங்களுக்குப் பணம் அனுப்பவில்லை, இனிமேல் அனுப்ப முடியுமென்றும் சொல்வதற்கில்லை என்றிருந்தது. அதுவரைக்கும் நீங்கள் சொன்ன மாதிரி ஆபீசுக்காக என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், ஒரு பெண் குழந்தை, நாலு மாதம். பெயர் இருந்தது, பிறப்புப் பத்திர நம்பரும் இருந்தது. பொய் சொல்கிறவர் அவ்வளவு சிரமப்பட மாட்டார்.

ஆபீசென்றும் பார்க்காமல் அழுதேன். வரிசையில் நின்றவர்கள் எனக்கு உதவி இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என நினைத்திருப்பார்கள். கிராணி மனுவை எடுத்து ஒன்பதாம் கேள்வியைத் திறந்து வைத்து, "நான் போட்டுடவாம்மா?" என்றார். நானே பேனாவை வாங்கி மூன்றாம் கட்டத்தில் போட்டேன். கோடு நேராகத்தான் வந்தது.

உங்கள் மேல் கோபம் நிறைய இருக்கிறது. அதைவிட, என்ன சொல்ல, கேள்விகள்தான் நிறைய இருக்கின்றன. அந்த அழகான கையெழுத்து அவளுடையதுதானா? சுங்கை பெசாருக்கு முகவரி எழுதும்போது யாருக்கென்று அவள் கேட்டாளா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? குழந்தைக்கும் சேது மாதிரி உங்கள் காதுதானா? இதற்கெல்லாம் நீங்கள் பதில் எழுதப் போவதில்லை, எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதங்களில் பொய் இல்லாதது அந்த டைப் அடித்த கடிதம் ஒன்றுதான். அதையும் நான் பிறத்தியார் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டி எழுதுங்கள். பஸ் ஸ்டேண்டுக்கு அழைத்து வருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து பார்ப்பார், ஆம்பிளை இருந்தால் உதவி நின்றுவிடும் என்கிறார்கள். அது அவர்கள் சட்டம்.

நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இதை நான் ஆபீசுக்காக எழுதவில்லை.

அமராவதி