செம்பூர் கம்பி

மே 3, ஞாயிறு

காலையிலேயே கொதிக்கிற வெயில். மழைக்கு இன்னும் ஒரு மாதம். இடது இடுப்பு வீங்கியிருக்கிறது. முழங்கையில் தோல் இல்லை. போகட்டும். ஆகிவிட்டது!

செம்பூர் ஆபீஸ் கட்டடத்து வாசல்படி, அதன் கைப்பிடிக் கம்பி. போர்ட்ஸ்லைடு. அதாவது ஸ்கேட்போர்டை ஓட்டிவந்து, போர்டோடு எகிறி, அதன் வயிறு கம்பியில் குறுக்காக உட்கார, கடைசிப் படி தாண்டும்வரை சறுக்கி, விழாமல் இறங்குவது. எனக்கு நானே எதற்கு விளக்கம்? எழுதிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

ஞாயிறு மட்டும்தான் ஆபீஸ் பூட்டியிருக்கும். போன ஞாயிறுகளில் எல்லாம் விழுந்ததுதான் மிச்சம். வாட்ச்மேன் இன்றைக்கும் திட்டினார். பிறகு அவரே ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் இறங்கி நின்றதும் முதல் சத்தம் அவருடையதுதான், மகளே என்று இந்தியில். "ஷாபாஷ் பேட்டி!" கேமராவோடு சமீர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏ இசக்கி, முடிஞ்சிட்டுல்லா! படத்தோட கடைசி ஷாட் இதான்."

எங்களை டீமில் வைத்திருக்கிற போர்டு கம்பெனி எடுக்கும் படத்தில் கடைசி ஷாட் என்றால் ராஜ மரியாதை. இந்த வருஷம் ஒரே ஒருவருக்குத்தான் பேர் போட்ட போர்டு. அடிப்பக்கம் முழுக்கச் சொந்தப் பேர், கடைகளில் விற்பனைக்கு. அதற்குப் பிறகுதான் நம்மை ப்ரோ என்பார்கள். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து நான் விழுந்து எழுந்தது அதற்காகத்தான். கடைசி ஷாட் யாருடையதோ போர்டும் அவருக்கே என்று டீம் மேனேஜர் ரிதிகா தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வழக்கம்: படம் வரும்வரை ஷாட்டை ஈ காக்காவுக்குக்கூடக் காட்டக் கூடாது. மெமரி கார்டு நேரே ரிதிகா கைக்குப் போய்விட்டது. சமீர் போனில் வைத்திருந்த நகலையும் நான்தான் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன். கசிந்தால் மதிப்புப் போய்விடும்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஏட்டி, இதுக்கா இடுப்ப ஒடிச்சிக்கிட்டு வந்துருக்க? சரி சரி, யாருட்டயும் சொல்ல மாட்டேன்." கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு அக்காவிடம் அவள் குரல்: "எம்மவ ஒண்ணு பண்ணிருக்கா. என்னன்னு மட்டும் கேக்காதீய."

மே 7, வியாழன்

வாங்க வேண்டியது: ஐஸ், பேண்டேஜ், கோதுமை மாவு. எதுவும் வாங்கவில்லை.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் நடந்துகொண்டே போனைப் பார்த்தேன். கம்பெனியின் இணையப் பக்கத்தில் புது வீடியோ. அதே படி. அதே கம்பி. அதே போர்ட்ஸ்லைடு. போடுவது கார்த்திக். மாட்டுங்காக்காரன், எங்கள் டீம்தான். மேலே எழுத்து: செம்பூர் கம்பியில் முதல்முறை.

முதல்முறையாம். தூ! படம் வரும்வரை காட்டக் கூடாது என்பது எனக்கு மட்டும்தான் போல.

நேற்றுக் காலையில் ஆபீஸ் திறக்கும் முன் எடுத்தார்களாம். கம்பெனியே அனுமதி வாங்கிக் கொடுத்ததாம். எனக்கு வாட்ச்மேன் வசவு, அவனுக்கு அனுமதி. ஒருத்தர் போட்ட ட்ரிக்கை அதே கம்பியில் போட்டுத் தன் பேரில் வெளியிடுவது எங்கள் ஆட்களிடம் கேவலத்திலும் கேவலம்.

அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டேன். "ஹலோ இசக்கி, பாத்தியா?" என்றான். பாத்தியாவாம்! திருட்டு நாயே என்று ஆரம்பித்தேன். தமிழ் தீர்ந்து இந்திக்குப் போனேன், இந்தி தீர்ந்து திரும்பத் தமிழுக்கு வந்தேன். தோல் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். "என்ன திருடினேன்? எதைச் சொல்றே?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கட் பண்ணிவிட்டேன்.

மே 8, வெள்ளி

கம்பெனி ஆபீஸ். ஏசி. வெள்ளரிக்காய் மிதக்கிற தண்ணீர்.

ரிதிகா சிரித்துக்கொண்டே உட்கார வைத்தாள். என் ஷாட்டைப் பார்த்தாளா? பார்த்தாளாம். பிரமாதமாம். பிறகு ஏன் கார்த்திக்கை அங்கே அனுப்பினாள்? அவனை நிறையப் பேர் பார்க்கிறார்களாம், அவனுக்கும் ஒரு நல்ல இடம் தேவைப்பட்டதாம். அப்படியானால் என் ஷாட்? "ஒரே கம்பி, ஒரே ட்ரிக், ஒரு படத்தில் ரெண்டு தடவை வரக் கூடாதே. உங்க ரூல்தானே இசக்கி?"

எங்கள் ரூலை எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

என் வீடியோவைக் கொடு, நானே போடுகிறேன் என்றேன். முடியாதாம். எடுத்தது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு ஒரு யோசனை: நான் புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, தாராவிச் சந்துக்குள் போர்டு ஓட்ட வேண்டுமாம். தனி வீடியோவாம். ஊரே பேசுமாம். போர்டில் பேர், அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

"கார்த்திக் வேட்டி கட்டிக்கொண்டா கம்பியில் சறுக்கினான்?" என்று இந்தியில் கேட்டேன். டீம் மீட்டிங் இருக்கிறது என்று எழுந்துவிட்டாள்.

நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். சமீருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ரிதிகாவுக்கு இரண்டும் வராது. எரிந்துபோவாள். நாசமாய்ப் போவாள். அந்த வெள்ளரிக்காய்த் தண்ணீரிலேயே மூழ்கிப் போவாள்.

அம்மாவிடம் சொன்னேன். அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னாள்: "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு ஒங்கிட்ட இருந்து எடுத்து அவனுக்கு ஊத்துதாளோ?"

மே 10, ஞாயிறு

கார்த்திக் வீட்டுக்கே வந்துவிட்டான். சந்து தெரியாமல் லேபர் கேம்ப் பக்கம் சுற்றிவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு. எனக்கு முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மாதான் "உள்ள வாங்க தம்பி" என்றாள். காபி வேறு.

"சத்தியமா தெரியாது இசக்கி. நீ பண்ணினதை ஒருத்தரும் என்கிட்ட சொல்லலை. ரிதிகா அனுப்பினா, போனேன். நேத்திக்கு சமீர் சொல்லித்தான் தெரியும்."

எப்படித் தெரியும்? நான்தான் வாயை மூடி, சமீர் வாயையும் மூடி, நகலையும் அழித்தேனே! நல்ல பிள்ளையாக வழக்கத்தைக் காப்பாற்றினேன். அது என்னைக் காப்பாற்றவில்லை. இன்னும் கோபம்தான், ஆனால் அவனைத் திட்ட வார்த்தை வரவில்லை. அது அதைவிடக் கோபம்.

உன் ஷாட்டைப் படத்திலிருந்து தூக்கச் சொல் என்றேன். சொல்லிப் பார்த்தானாம், ரிதிகா கேட்கவில்லையாம். "ஆனா ஒண்ணு பண்றேன். படம் ஸ்கிரீனிங் அன்னிக்கு போர்டு குடுப்பாளோன்னோ? அப்ப மைக்ல சொல்லிடறேன். முதல்ல பண்ணினது இசக்கின்னு. எல்லார் முன்னாடியும்."

சரி என்றேன். போர்டு அவனுக்கே போகட்டும், முதலில் போட்டது நான் என்று எல்லாருக்கும் தெரிந்தால் போதும். அவன் போனதும் அம்மா, "தங்கமான புள்ள ட்டி." பார்ப்போம்.

மே 14, வியாழன்

பஸ்ஸில் செம்பூர். திரும்பவும் போட்டு நானே எடுத்து, கம்பெனிக்குச் சொந்தமில்லாத வீடியோ ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று. ஞாயிறு வரை பொறுமை இல்லை.

கம்பி முழுக்க இரும்புக் குமிழ் பற்ற வைத்திருக்கிறார்கள். வீடியோவைப் பார்த்துப் பையன்கள் கூட்டமாக வந்துவிட்டார்களாம். வாட்ச்மேன் என்னைக் கண்டதும் கையை விரித்தார். இனி அந்தக் கம்பியில் யாரும் சறுக்க முடியாது. அவன்தான் கடைசி. முதலும் அவன்தான், உலகத்துக்கு.

இரவு சாப்பிடவில்லை.

மே 16, சனி

ஸ்கிரீனிங். சாயங்காலம். புழுக்கம், சின்ன ஹால், எல்லாரும் தரையில், மடியில் அவரவர் போர்டு. சமீர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படத்தில் என் பங்கு மூன்று சின்ன ஷாட். கடைசியில் செம்பூர் கம்பி. கார்த்திக் எகிறினான், சறுக்கினான், இறங்கினான். ஹாலில் எல்லாரும் போர்டைத் தரையில் தட்டினார்கள். எங்களுக்குக் கைதட்டல் அதுதான். நானும் தட்டினேன். கை தானாகப் போய்விட்டது. பாவி சுத்தமாகத்தான் சறுக்கியிருந்தான்.

விளக்கு வந்தது. ரிதிகா மேடையில் புது போர்டைக் கொடுத்தாள். போட்டோவுக்காகச் சக்கரமெல்லாம் மாட்டி, அடிப்பக்கம் மஞ்சளில் பெரிதாக அவன் பேர். அவன் மைக்கை வாங்கினான். என்னைப் பார்த்தான். ரிதிகாவுக்கு நன்றி. அம்மா அப்பாவுக்கு நன்றி. முழங்கால் டாக்டருக்கு நன்றி. திரும்ப என்னைப் பார்த்தான். மைக்கைக் கொடுத்துவிட்டான்.

இறங்கி நேரே என்னிடம் வந்தான். "ரிதிகா பக்கத்துலயே நின்னா. என்னால முடியலை இசக்கி."

"கொண்டா" என்று போர்டை வாங்கினேன். புதுப் பேர்போர்டில் அதன் சொந்தக்காரனுக்கு முன்னால் யாரும் கால் வைக்க மாட்டோம். வைத்தேன். ஹால் வாசலுக்கு வெளியே நாலைந்து படி, ஒரு இரும்புக் கைப்பிடி. எல்லாரும் பின்னால் வருவது கேட்டது. ஓட்டி, எகிறி, போர்டின் வயிற்றைக் கம்பியில் வைத்து அழுத்தினேன். வைத்த இடத்தில்தான் அவன் பேர். கரகரவென்று பெயிண்ட் உரிகிற சத்தம் கால்வரை வந்தது. கீழே நின்றேன்.

போர்டைத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன். பேருக்கு நடுவே குறுக்காக, மரம் தெரிகிற அளவு அகலமாக ஒரு கீறல்.

"இதுலயும் நான்தாம்ல முதல்ல."

பின்னாலிருந்து ஒருத்தன் போர்டைத் தட்டினான். பிறகு இன்னொருத்தன். பிறகு எல்லாரும். ரிதிகா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வாவ்! யாராவது எடுத்தீங்களா? சமீர்? இசக்கி, ஒன்ஸ் மோர் ப்ளீஸ்!"

சமீர் கேமராப் பையைத் தோளில் மாட்டினான். "எடுக்கல மேடம்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவிலேயே நின்றாள். "அந்தத் தம்பி சொல்லிச்சா ட்டி?"

"சொல்லல."

"பொறவு?"

"நான் சொல்லிட்டு வந்துட்டேன்."