உன் பெயரில் நின்ற கார்டு

அடியே,

வெள்ளிக்கிழமை ஸ்பிரிண்ட்டை, அதாவது நம் இரண்டு வார வேலைச் சுற்றை, மூடப் போனேன். "ஒரு வேலை முடியவில்லை. எங்கே நகர்த்த?" என்று கணினித் திரை கேட்டது. அது உன் வேலை. தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கான கன்னட எச்சரிக்கைக் குரல். நீ போய் நாலு மாதமாகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிண்ட் முடியும்போதெல்லாம், போர்டில் உன் பெயரில் நிற்கும் அந்த வேலைக் கார்டை அடுத்ததற்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா? முடியாத கார்டையெல்லாம் ஈவிரக்கமில்லாமல், யார் பெயரும் இல்லாத பொதுப் பட்டியலுக்கே திருப்பி அனுப்புகிறவள் நீ. ஒருமுறை உன்னிடம் கெஞ்சினேன்.

"முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, பாதி பாயிண்டாவது குடேன்டி."

"முடியலன்னா முடியலதான். திங்கக்கிழமை மறுபடியும் கேளு. இது இன்னும் வேணுமா, யாரு செய்யறதுன்னு."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பேரிகைக்குப் போகும் பஸ்ஸில் உனக்கு இடம் போட்டு வைத்தேன், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

தமிழையும் தெலுங்கையும் உன் குரலிலேயே பதிவு செய்தாய். "கையை எடுங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. கன்னடம் திங்கட்கிழமை என்றாய். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் உன் வண்டியை லாரி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கார்டை யார் கேட்டாலும், "அது அவ வேலை, விடுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை பிரஸ் ஷாப்பில் மஞ்சுளா என்னை வழிமறித்தாள். மாண்டியா பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். மெஷின் என்ன கத்துகிறது என்று அவளுக்குப் புரிவதில்லையாம். பக்கத்தில் இருப்பவர்கள் கையை இழுத்தால் தானும் இழுத்துக்கொள்கிறாளாம். "நமகெ யாவாக, மேடம்?" என்றாள். எங்களுக்கு எப்போது என்று கேட்கிறாள். துக்கம் துக்கம் என்று அடுத்தவள் விரல்களோடு விளையாடியிருக்கிறேன், சே!

வெள்ளிக்கிழமை உன் பெயரை எடுத்துவிட்டுக் கார்டைப் பொதுப் பட்டியலில் போட்டேன். மூன்று முறை கை பின்வாங்கியது. இன்று திங்கட்கிழமை, காலைக் கூட்டத்துக்கு மஞ்சுளாவையும் கூப்பிட்டு, நீ கேட்பதைப் போலவே கேட்டேன். "நானே பேசறேன்" என்றாள் கன்னடத்தில். மத்தியானத்துக்குள் பதிவு செய்து, மெஷினில் ஏற்றி, ஓட்டியும் பார்த்தாயிற்று. தலையாட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு என் இடத்துக்கு வந்து கார்டை 'முடிந்தது' பக்கம் நகர்த்தினேன். போர்டில் இனி உன் வேலை என்று ஒன்றும் இல்லை. அதற்குத்தான்டி இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன்.