உப்புக்கல்லும் டம்ளர் வட்டமும்

மச்சான்,

காலேஜ் ஸ்டாஃப் ரூமில் டீ டம்ளரைத் தூக்கினேன். மேசையில் ஈர வட்டம். துடைக்க மனசு வரவில்லை. நடுவில் விரலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

சிதம்பரத்தில் நாம் எம்.எஸ்சி. கணக்கு படித்தபோது கேன்டீன் மேசைதான் உனக்குக் கரும்பலகை. எனக்குக் காம்ப்ளக்ஸ் அனாலிசிஸ் அரியர். அந்த முறையும் போனால் மேல்பட்டாம்பாக்கத்தில் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நானோ சார்பைக் கண்டதும் மனப்பாடம் செய்த அடுக்குத் தொடரை மடமடவென்று எழுதிவிடுவேன். மையம் எது, அங்கிருந்து எதுவரை செல்லும் என்று பார்க்கவே மாட்டேன்.

"அவசரத்துக்குப் பொறந்தவனே, எங்க ஒடயுதுன்னு மொதல்ல பாரு. அப்புறம் விரிக்கலாம்" என்பாய்.

1/(1+x²) என் உயிரை வாங்கியது. "கோட்டுல எங்கயும் ஒடயல. அப்புறம் ஏன்டா தொடர் ஒன்னுக்கு மேல போவ மாட்டங்குது?" என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ மேசையில் தண்ணீரால் கோடு இழுத்தாய். கோட்டுக்கு மேலே ஒரு உப்புக்கல், கீழே ஒன்று: i, -i, சார்பு உடைகிற கற்பனை எண்கள். நடுவில் டம்ளரைக் கவிழ்த்தாய். விளிம்பு இரண்டையும் தொட்டு நின்றது.

"நீ கோட்டயே பாத்துக்கினு இருக்க. வில்லங்கம் பக்கத்துல நிக்குது."

தேர்வில் முதலில் வட்டத்தைப் போட்டேன். பாஸானேன். மாமா கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் உனக்கு இதே பேச்சுதான். "கிளாஸ்ல எது வரைக்கும் வந்துருக்க?"

"வட்டம் போடற எடத்துக்கு வரப்போறேன்."

"அதோட நிறுத்திடாத மச்சான். உள்ளயே வேற மையம் எடுத்து இன்னொன்னு போட்டுக் காட்டு. பசங்க அங்கயே முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்கும்."

உனக்கு மூச்சு வாங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நீ போன பிறகு நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாடம் இன்றுதான் வந்தது. வட்டத்தை வரைந்ததும், பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் பெண் எழுந்தாள். "அதுக்கு மேல ஒன்னும் இல்லையா சார்?"

"இருக்கும்மா" என்றேன். கோட்டில் அரை என்ற இடத்தில் புது மையம் வைத்தேன். அங்கிருந்து i வரை தூரம் எடுத்து அடுத்த வட்டத்தை இழுத்தேன். அது கோட்டில் ஒன்று என்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று. நீ பின் பெஞ்சில் இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன்.

திரும்பி வந்தால் மேசை காய்ந்து, வட்டம் கறையாகியிருந்தது. இன்னொரு டீ சொன்னேன். டம்ளரைச் சற்றுத் தள்ளி, பழைய வட்டத்தின் மேல் பாதி படும்படி வைத்தேன்.